எச்ஐவி ஆய்வுக்கு மாதிரி கேட்டால் எதற்குச் சம்மதிக்கலாம்?

எச்ஐவியை அடக்கிவைக்கும் ஏஆர்டி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, கண்டறிய முடியாதபடி இறங்கி, வேலை வெட்டி என்று இயல்பாக இருக்கும் ஒருவரிடம் ஆராய்ச்சிக் குழு ஒன்று வந்து மாதிரி கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் கேட்பது இரண்டு குழாய் ரத்தமாக இருக்கலாம். மூன்று மணி நேரம் ஒரு இயந்திரத்தோடு இணைந்து படுத்திருப்பதாக இருக்கலாம். கழுத்திலோ தொடையிடுக்கிலோ உள்ள நிணநீர்க் கணுவில் ஊசி போடுவதாக, குடலின் உட்சுவரிலிருந்து சின்னச் சின்னத் துணுக்குகள் எடுப்பதாக, ஏன், மாத்திரையையே சில வாரம் நிறுத்திப் பார்ப்பதாகக்கூட இருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிப் படிவம், ஒரே மாதிரிக் கையெழுத்துதான். உடம்புக்கும் குடும்பத்துக்கும் வரும் விளைவு மட்டும் ஒன்றல்ல.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு ஏற்றது, பல வருடம் விடாமல் தரும் சாதாரண ரத்தம். எச்ஐவி பற்றி மனித உடல் சொல்லித்தந்த பெரிய பாடங்களில் பல அதிலிருந்துதான் வந்தன. அடுத்து, உடல் தாங்குமானால், இயந்திரம் வழியாக வெள்ளணுக்களை மட்டும் எடுக்கும் முறை. கணுவும் குடலும் மூன்றாவது. கேள்வி தெளிவாக இருந்தால் மட்டும். மாத்திரையை நிறுத்தும் ஆய்வுக்கு, சில கறாரான நிபந்தனைகள் நிறைவேறாதவரை, வேண்டாம் என்றே சொல்வேன். ஏன் இந்த வரிசை என்பதற்குக் காரணங்கள் கீழே.

மனிதர்களிடம் ஏன் கேட்க வேண்டும், எலி இல்லையா குரங்கு இல்லையா என்று சிலர் கேட்பதுண்டு. எச்ஐவி சாதாரண எலிக்குத் தொற்றாது. சிம்பன்சிக்குத் தொற்றினாலும் அது பெரும்பாலும் நோயாளி ஆவதில்லை. மக்காக் குரங்குகளில் செய்யும் ஆய்வு எஸ்ஐவி என்ற உறவுக்கார வைரஸை வைத்து நடப்பது. அதில் கிடைத்த நம்பிக்கைகள் பல மனிதரிடம் வந்ததும் பொய்த்துப் போயின. கடைசியில் மனித உடல்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாதாரண ரத்தம், பல வருடம்

1984இல் அமெரிக்காவின் பால்டிமோர், சிகாகோ, பிட்ஸ்பர்க், லாஸ் ஏஞ்சலிஸ் ஆகிய நான்கு ஊர்களில் ஓரினச் சேர்க்கையாளர், இருபாலீர்ப்பு ஆண்கள் ஆயிரக்கணக்கில் ஓர் ஆய்வில் சேர்ந்தார்கள். மேக்ஸ் ஆய்வு என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். வைரஸைக் கண்டுபிடித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மருந்து கிடையாது. தொற்று இருப்பவர், இல்லாதவர் இருவரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து ரத்தம் கொடுத்தார்கள். அந்த ரத்தம் உறைபெட்டிகளுக்குள் போனது. அப்போது அதனிடம் கேட்க வேண்டிய கேள்விகூட யாருக்கும் முழுதாகத் தெரியாது.

பதில் 1996இல் வந்தது. வைரஸின் அளவை எண்ணும் சோதனை உருவான பிறகு, ஜான் மெல்லர்ஸ் குழுவினர் பிட்ஸ்பர்க் ஆண்களின் பழைய பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை, எடுத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் யாருக்கு வைரஸ் அதிகமாக இருந்ததோ அவர்தான் சீக்கிரம் நோய்வாய்ப்பட்டிருந்தார். எச்ஐவி தாக்கும் எதிர்ப்பு வெள்ளணுக்களான சிடி4 செல்களின் எண்ணிக்கையைவிட அந்த அளவு துல்லியமாக எதிர்காலத்தைச் சொன்னது. இன்று உலகமெங்கும் ஏஆர்டி சென்டர்களில் வைரல் லோடு பார்க்கிறார்கள் என்றால், அதற்கு அடித்தளம் போட்டதில் பத்து வருடத்துக்கு முன் கை நீட்டிய அந்த ஆண்களுக்குப் பங்கு உண்டு. அவர்களில் பலர் அந்த முடிவு வெளிவரும்போது உயிரோடு இல்லை. பெண்களுக்கான இணை ஆய்வு 1990களில்தான் தொடங்கியது. அந்தத் தாமதம் நியாயமில்லாதது. இதை நான் ஒவ்வொரு முறையும் சொல்வதுண்டு.

ஸ்டீபன் குரோன் என்ற நியூயார்க்காரரின் கதையும் ரத்தக் குழாயில் தொடங்கியதுதான். துணைவரும் நண்பர்களும் எய்ட்ஸில் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். இவருக்கு மட்டும் தொற்றவே இல்லை. என்னிடம் ஏதோ இருக்கிறது, ஆராயுங்கள் என்று தானாகவே முன்வந்தார். ஆரன் டயமண்ட் எய்ட்ஸ் ஆய்வு மையத்தில் அவருடைய சிடி4 செல்களில் வைரஸைக் கலந்தார்கள், உள்ளே போகவில்லை. அளவைப் பன்மடங்கு கூட்டினார்கள், அப்போதும் போகவில்லை. சிசிஆர்5 என்ற வாசல் புரதம் அவருடைய செல்களின் மேற்பரப்பில் இல்லை என்பது 1996இல் தெரிந்தது. தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் வந்த இரண்டு மரபணுப் பிரதிகளிலும் ஒரே இடத்தில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. அந்த அறிவிலிருந்துதான் 2007இல் மராவிராக் என்ற மருந்து சந்தைக்கு வந்தது. அதே வருடம் பெர்லினில் டிமோதி ரே பிரவுன் என்ற ரத்தப் புற்றுநோயாளிக்கு, இதே மாற்றம் உள்ள ஒருவரின் மூலச் செல்களைச் செலுத்தினார்கள். எச்ஐவியிலிருந்து முழுதாகக் குணமான முதல் மனிதர் அவர்.

அந்த இரண்டு குழாய் ரத்தத்துக்கு அப்புறம் என்ன நடக்கிறது என்பதைக் கொடுப்பவர் தெரிந்துவைத்திருப்பது நல்லது. எடுத்த சில மணி நேரத்துக்குள் அது ஆய்வகத்துக்குப் போக வேண்டும். தாமதமானால் செல்கள் களைத்துப்போகும், முடிவு தப்பாகும். ஃபைக்கால் என்ற கனமான திரவத்தின் மேல் ரத்தத்தை மெதுவாக, கலங்காமல் படரவிடுகிறார்கள். மையவிலக்கு இயந்திரத்தில் சுற்றி எடுத்தால் சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிடும், மேலே மஞ்சள் பிளாஸ்மா, நடுவில் வெள்ளையாக மெல்லிய ஒரு வளையம். அந்த வளையம்தான் எல்லாம். அதை உறிஞ்சி எடுத்து, கழுவி, எண்ணி, உறையும்போது செல் உடையாமல் காக்கும் திரவத்தோடு சின்னக் குப்பிகளில் அடைத்து, திரவ நைட்ரஜன் தொட்டியில் வைக்கிறார்கள். சரியாகச் செய்திருந்தால் இருபது வருடம் கழித்து உருக்கினாலும் அந்தச் செல்கள் உயிரோடு எழுந்து வேலை செய்யும். குப்பியின் மேல் பெயர் இருக்காது, ஒரு எண்தான்.

சரி, குறை என்ன? எண்ணிக்கைதான். ஒரு மில்லி ரத்தத்திலிருந்து கிடைப்பது சுமார் பத்து லட்சம் செல்கள். பத்து மில்லிக்கு ஒரு கோடி. அதில் நமக்கு வேண்டிய சிடி4 செல்கள் முப்பது, நாற்பது லட்சம் இருக்கலாம். மாத்திரை சாப்பிடுபவரிடம், மறுபடி கிளம்பக்கூடிய முழு வைரஸை மறைத்து வைத்திருக்கும் ஓய்வுநிலை சிடி4 செல், பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் உண்டு. ஆக, ஒரு குழாயில் அகப்படுவது மூன்றோ நாலோ. அவற்றைத் தேடிப் பிடித்து, அவை மரபணுவில் எந்த இடத்தில் ஒளிந்திருக்கின்றன என்று பார்ப்பதற்கு இந்த அளவு எந்த மூலைக்கும் போதாது.

இன்னொரு குறையும் உண்டு. சிடி4 செல்களும் சேர்ந்த லிம்போசைட்டு என்ற எதிர்ப்பு வெள்ளணு வகையில், ரத்தத்தில் ஓடிக்கொண்டிருப்பவை சுமார் 2 சதவீதம்தான். ரத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு உடம்பு முழுவதையும் பற்றிப் பேசுவது, பேருந்து நிலையத்தில் நின்று ஊரின் மக்கள்தொகையைக் கணக்கெடுப்பது மாதிரி.

இயந்திரம் வழியாக வெள்ளணு

லூக்காபெரிசிஸ் என்று படிவத்தில் இருக்கும். டெங்கு காலத்தில் பிளேட்லெட் கொடுத்தவர்களுக்கு இந்த இயந்திரம் தெரிந்திருக்கும். ஒரு கையிலிருந்து ரத்தம் வெளியே போகிறது, சுழலும் கிண்ணத்தில் வெள்ளணுக்கள் பிரிகின்றன, மீதி எல்லாம் மறு கை வழியாக உள்ளே திரும்புகிறது. இரண்டு மூன்று மணி நேரம் இரண்டு கையையும் மடக்க முடியாது; மூக்கு அரித்தால்கூடப் பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட் உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல் இருக்கும், விரல் நுனி மரத்துப்போகும். உடனே சொன்னால் வேகத்தைக் குறைப்பார்கள், கால்சியம் மாத்திரை தருவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பதில் யாருக்கும் லாபமில்லை.

கிடைப்பது பல நூறு கோடி செல்கள். இந்த அளவு இருந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு லோரீன் வில்லன்பெர்க் நல்ல உதாரணம். கலிஃபோர்னியாக்காரர். 1992இல் தொற்று உறுதியானது. மருந்தே எடுக்காமல் வைரஸ் கட்டுக்குள் இருந்த அபூர்வமானவர்களில் ஒருவர். நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே அப்படி அமைகிறது. அவருடைய 150 கோடி செல்களைச் சல்லடை போட்டுத் தேடியும் முழுமையான வைரஸ் ஒன்றுகூட அகப்படவில்லை என்று பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜின் ரேகன் நிறுவனத்தைச் சேர்ந்த ஷூ யூ குழுவினர் 2020இல் அறிவித்தார்கள். அதே ஆய்வில், மருந்தின்றிக் கட்டுப்படுத்தும் 64 பேரையும் மருந்து எடுக்கும் 41 பேரையும் ஒப்பிட்டார்கள். முதல் குழுவினரிடம் எஞ்சியிருந்த வைரஸ், மரபணுத் தொகுப்பின் பாலைவனப் பகுதிகளில், எழுந்துவர வழியில்லாத இடங்களில் அடைபட்டுக் கிடந்தது. எதிர்ப்புச் செல்கள் மற்றவற்றை எல்லாம் கொன்றுவிட்டு, எழ முடியாதவற்றை மட்டும் மிச்சம் வைத்திருக்கின்றன என்றுதான் தோன்றுகிறது. அர்ஜென்டினாவின் எஸ்பெரான்சா ஊர்ப் பெண் ஒருவரிடம் 2021இல் இதே மாதிரி முடிவு கிடைத்தது; ரத்தச் செல்கள் ஏறத்தாழ 120 கோடி, அதோடு அவருடைய பிரசவத்துக்குப் பின் கிடைத்த நஞ்சுக்கொடித் திசுவின் 50 கோடி செல்கள். ஒன்றிரண்டு குழாயை வைத்துக்கொண்டு இப்படி ஒரு வார்த்தை சொல்லவே முடியாது.

நல்ல நரம்பு, ஓரளவு உடல் எடை, ரத்தசோகை இல்லாமை. இவை மூன்றும் இருந்தால் இதற்குச் சம்மதிப்பதில் எனக்குத் தயக்கமில்லை. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். நரம்பு கிடைக்காதவர்களுக்குக் கழுத்தில் குழாய் போடலாமா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். ஆராய்ச்சிக்காக மட்டும் அந்த ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை.

கணுவும் குடலும்

உடம்பில் எங்காவது புண் வந்தால் நெறிகட்டுவதைப் பார்த்திருப்போம். எதிர்ப்புச் செல்கள் கூடிப் பயிற்சி எடுக்கும் இடம் அந்தக் கணுக்கள். 1993இல் ஒரே சமயத்தில் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் எல்லோரையும் உலுக்கின. தொற்றுக்குப் பின் பல வருடம் நோயாளி நன்றாக இருக்கிறாரே, வைரஸ் தூங்குகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். கணுவை எடுத்துப் பார்த்தால் அங்கே வைரஸ் நிறைந்து பெருகிக்கொண்டிருந்தது. ரத்தம் அமைதி என்று சொன்னது, கணு போர் என்று சொன்னது. குடலிலும் அதே கதை. தொற்றின் ஆரம்ப வாரங்களிலேயே குடல் சுவரின் சிடி4 செல்கள் பெருமளவு அழிந்துபோகின்றன என்பது 2004இல் மனிதத் திசுவைப் பார்த்துத்தான் உறுதியானது. அந்த நேரத்தில் ரத்த எண்ணிக்கை அவ்வளவு மோசமாகத் தெரிவதில்லை.

தடுப்பூசி ஆய்விலும் கணு தேவைப்படுகிறது. பலவகை எச்ஐவியையும் முறியடிக்கும் எதிர்ப்பொருளை உருவாக்க, அதைச் சுரக்கப்போகும் மூதாதை பி செல்களை முதலில் எழுப்ப வேண்டும். ஐஏவிஐ ஜி001 என்ற சோதனையில் தொற்று இல்லாத 48 தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். தடுப்பூசி பெற்ற 36 பேரில் 35 பேருக்கு அந்தச் செல்கள் எழுந்தன என்று 2022இல் முடிவு வந்தது. அவர்கள் ரத்தம், இயந்திரம் வழி வெள்ளணு, கணுவில் மெல்லிய ஊசி மாதிரி என எல்லாமே கொடுத்தார்கள். தடுப்பூசிக்குப் பிறகு பி செல் பாடம் படிக்கும் இடம் கணு. அங்கே எட்டிப் பார்க்காமல் பாடம் ஏறியதா என்று தெரியாது.

கொடுப்பவருக்கு என்ன ஆகும்? மெல்லிய ஊசி என்றால் அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே எடுப்பார்கள். அன்றே வீட்டுக்குப் போகலாம், ஓரிரு நாள் வலி, கொஞ்சம் கன்றிப்போகும். முழுக் கணுவையும் வெட்டி எடுப்பது அறுவை. தழும்பு, தொற்று, சில சமயம் நீர்க்கட்டு. இரண்டுக்கும் பெயர் ஒன்றுபோல இருந்தாலும் பாரம் வேறு, எதைக் கேட்கிறார்கள் என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். குடல் பயாப்சியில் வளையும் குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்தி, அரிசி மணி அளவுத் துணுக்குகளை இருபது முப்பது இடத்தில் கிள்ளுவார்கள். அந்த உட்சுவரில் கிள்ளுவது அவ்வளவாக வலிக்காது. வயிறு உப்புசம்தான் தொந்தரவு. ரத்தக்கசிவும், மிக அரிதாகக் குடல் துளைபடுவதும் உண்டு. ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறைவதைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். புண் ஆறும்வரை ஆசனவாய் வழி உறவு கூடாது. நம் ஊரில் மருத்துவப் பணியாளர்கள் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிடலாம். நீங்களே கேளுங்கள்.

பெர்லின் சிகிச்சைக்குப் பிறகு டிமோதி பிரவுன் தன் உடலை இப்படித்தான் ஆராயக் கொடுத்தார். ரத்தம், கணு, குடல், முதுகுத்தண்டு நீர் என்று கேட்டதையெல்லாம் தந்தார். உண்மையில் குணமாகிவிட்டதா என்ற சந்தேகத்தைத் தீர்க்க வேறு வழியில்லாததால் அது தேவையாயிற்று. அப்படி ஒரு கூர்மையான கேள்வி இருந்தால் இந்தப் பாரம் தகும். “எடுத்து வைத்துக்கொள்கிறோம், பிறகு பார்ப்போம்” என்றால் ரத்தத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தொற்று இல்லாதவரிடம் கேட்டால்

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய உம்லாசியில் 2012இல் தொடங்கிய ஃப்ரெஷ் ஆய்வு. எச்ஐவி மிகப் பரவலாக உள்ள பகுதி அது. 18 முதல் 23 வயதுவரை உள்ள, தொற்று இல்லாத, வேலையில்லாத இளம்பெண்கள் வாரத்துக்கு இரண்டு முறை வருவார்கள். விரல் நுனியில் ஒரு குத்து, சில சொட்டு ரத்தம். அதே இடத்தில் வேலைக்கான பயிற்சி வகுப்பு, கணினி, தன்னம்பிக்கைப் பாடம். வைரஸ் ரத்தத்தில் தென்பட்ட நாட்களுக்குள்ளேயே பிடித்துவிட முடிந்ததால், அதுவரை யாரும் பார்க்காத ஒன்றைப் பார்த்தார்கள்: சிகிச்சை இல்லாமல் விட்டால் தொற்றிய செல்களைக் கொல்லும் சிடி8 செல்கள் பெருவெள்ளமாகக் கிளம்புகின்றன, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சீக்கிரமே செத்துவிடும் நிலையில் இருக்கின்றன. உடல் எதிர்க்காமல் இல்லை, எதிர்த்துத் தாக்குப்பிடிக்க முடியாமல் போகிறது. தொற்று தெரிந்த உடனே மருந்து தொடங்கும் முறைக்கு ஆய்வு பிறகு மாறியது; மருந்து தொடங்கியவர்களின் செல்கள் நல்ல வேலைத்திறனோடு நிலைத்தன.

கென்யா, தான்சானியா, உகாண்டா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் நடந்த ஆர்வி217 ஆய்விலும் இதே வாரம் இரு குத்து முறைதான். முதன்முதலில் வைரஸ் தென்பட்டதிலிருந்து சுமார் இரண்டு வாரத்தில் அதன் அளவு உச்சத்துக்குப் போய், ஒரு மாதத்தில் ஒரு நிலைக்கு வருகிறது என்பதை அவர்கள்தான் நாள்வாரியாக வரைந்து காட்டினார்கள்.

இந்த வகை ஆய்வில் மனசாட்சியை உறுத்தும் கேள்வி ஒன்று உண்டு. ஒருவருக்குத் தொற்று வரும்வரை காத்திருக்கிறார்களா? ஆணுறையும் தடுப்பு மாத்திரையான பிரெப்பும் தடையின்றிக் கிடைக்கும்படி செய்து, அதை மீறி வந்தால் மட்டும் பார்க்கிறோம் என்று குழு சொன்னால்தான் அது நேர்மையான ஆய்வு. பிரெப் பற்றிப் பேச்சே இல்லாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

தடுப்பூசிச் சோதனைக்குச் செல்பவர் யோசிக்க வேண்டியது வேறு. தாய்லாந்தில் 16,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஆர்வி144 சோதனை, 2009இல் சுமார் 31 சதவீதப் பாதுகாப்பைக் காட்டியது. வைரஸின் வி1வி2 என்ற பகுதியைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்குத் தொற்று குறைவு என்பதை 2012இல் அவர்கள் தந்த ரத்தத்திலிருந்தே கண்டார்கள். சென்னையிலும் 2006இல் அன்றைய காசநோய் ஆராய்ச்சி மையத்தில் எச்ஐவி தடுப்பூசியின் முதற்கட்டச் சோதனை நடந்தது. எந்தத் தடுப்பூசியிலும் எச்ஐவி வராது, வர முடியாது. ஆனால் உடலில் உருவாகும் எதிர்ப்பொருளால் சாதாரணப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்று காட்டக்கூடும், அது பல வருடம் நீடிக்கலாம். வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் போக வேண்டியவர், குழந்தைக்குத் திட்டமிடும் பெண், ரத்ததானம் செய்பவர் என எல்லோருக்கும் இது பெரிய விஷயம். உண்மையைக் காட்டும் வேறு வகைப் பரிசோதனையைச் சோதனை முடிந்த பிறகும் இலவசமாகச் செய்து சான்று தருவோம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கல்ஃப் வேலைக்கு விசா எதிர்பார்த்துக் காத்திருப்பவரை நான் இதற்கு அனுப்ப மாட்டேன்.

மாத்திரையை நிறுத்திப் பார்ப்பது

குணப்படுத்தும் வழி ஒன்று உண்மையில் வேலை செய்ததா என்று அறிய, கடைசியில் மருந்தை நிறுத்தித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. எந்த ரத்தப் பரிசோதனையும் அதற்கு ஈடாகவில்லை. அதனால் இந்த ஆய்வுகளை முழுதாகத் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் பங்கேற்பவருக்கு இதில் நேரடி நன்மை ஏறக்குறைய இல்லை. பெரும்பாலானவர்களுக்கு நிறுத்திய இரண்டு மூன்று வாரத்தில் வைரஸ் திரும்பிவிடும். ஸ்மார்ட் என்ற பெரிய சோதனையில், 5,000க்கு மேற்பட்டவர்களிடம், விட்டுவிட்டு மருந்து சாப்பிட்டவர்களுக்கு நோயும் மரணமும் கூடியது என்று 2006இல் தெரிந்தது. இன்றைய ஆய்வுகள் அதைவிட மிகக் குறுகியவை, வாரா வாரம் கண்காணிப்பவை. இருந்தாலும் அந்த முடிவை மறக்கக் கூடாது.

இதில் அடுத்தவரும் மாட்டிக்கொள்கிறார். வைரஸ் அடங்கியிருந்தால் துணைக்குத் தொற்றாது என்பதை நிறுவிய எச்பிடிஎன் 052 ஆய்வில் 9 நாடுகளின் 1,763 ஜோடிகள் இருந்தார்கள். சென்னை, புனே ஜோடிகளும் அதில் உண்டு. மருந்தை நிறுத்தியதும் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. இப்படிப்பட்ட ஆய்வுகளின்போது துணைக்குத் தொற்றிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. தன் நிலையை மனைவியிடமோ கணவரிடமோ இன்னும் சொல்லாதவர் இந்த ஆய்வில் சேரவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. ஹெபடைடிஸ் பி இருப்பவருக்கு, டெனோஃபோவிர், லாமிவுடின் ஆகிய மாத்திரைகள் அந்த வைரஸையும் சேர்த்தே அடக்கிவைக்கின்றன. நிறுத்தினால் கல்லீரல் அழற்சி வெடித்துக் கிளம்பலாம். அதனால் ஹெபடைடிஸ் பி இல்லை என்பது உறுதியாக வேண்டும், சிடி4 நல்ல உயரத்தில் இருக்க வேண்டும், வைரஸ் எந்த அளவைத் தொட்டால் மாத்திரை மறுபடி தொடங்கும் என்பது எண்ணாகவே எழுதப்பட்டிருக்க வேண்டும், துணைக்குப் பிரெப் கிடைக்க வேண்டும், வாரா வாரம் வர உங்களுக்கு வசதி இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

வாழ்வின் முடிவில் இருப்பவர்களுக்கு மட்டும் இன்னொரு வழி சான் டியேகோவில் இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவி ஸ்மித், சாரா ஜியானெல்லா ஆகியோர் 2017இல் தொடங்கியது. கடைசிக் கொடை என்று பெயர். புற்றுநோயாலோ வேறு காரணத்தாலோ சில மாதமே மிச்சமிருக்கும் எச்ஐவி உள்ளவர்கள், இறக்கும்வரை ரத்தமும் இறந்த ஆறு மணி நேரத்துக்குள் மூளை, குடல், இதயம் என்று முழுத் திசுவும் தர ஒப்புக்கொள்கிறார்கள். உயிரோடு இருப்பவரின் மூளையிலிருந்து யாரும் கேட்க முடியாததை அவர்கள் தருகிறார்கள். இதைப் பற்றி ஒப்பிட ஒன்றுமில்லை, அது அவரவர் முடிவு.

படிவத்தில் பார்க்க வேண்டியது

இந்தியாவில் எச்ஐவி இருப்பதே மாதிரிகள் மூலம்தான், 1986இல், சென்னையில் தெரிந்தது. மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா எண்பதுக்கும் மேற்பட்ட பாலியல் தொழிலாளிகளிடம் ரத்தம் சேகரித்தார். சீரத்தை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, வேலூர் சிஎம்சிக்கு எடுத்துப் போனார். ஆறு பேருக்கு இருந்தது. நாட்டையே விழிக்கவைத்த வேலை அது. சுனிதி சாலமன் பிறகு வாழ்நாள் முழுவதும் எச்ஐவியுடன் வாழ்பவர்களுக்காக நின்றவர். ஆனால் அந்தப் பெண்களில் பலர் அப்போது காவல் இல்லத்தில் அடைபட்டிருந்தார்கள். எதற்காக ரத்தம் எடுக்கப்படுகிறது என்று அவர்களுக்கு விளக்கப்படவில்லை. இன்று நாம் பேசும் அறிவுக்கு அவர்கள் கொடுத்த விலையை யாரும் கேட்டுப் பெறவில்லை.

இப்போது சட்டம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் எச்ஐவி எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. தெரிந்து தரும் சம்மதம் இல்லாமல் பரிசோதனையும் கூடாது, ஆராய்ச்சியும் கூடாது. உங்கள் நிலையை வெளியே சொல்வதும் கூடாது. ஆனாலும் சட்டப் புத்தகம் வீட்டுக்கு வரும் போனைத் தடுக்காது. அதனால் முதலில் கேட்க வேண்டியது: அடுத்த தேதிக்கு எனக்கு எப்படித் தகவல் சொல்வீர்கள்? “அண்ணே, ஏஆர்டி சென்டர்லருந்து பேசுறேன்” என்று வீட்டில் போனை எடுக்கும் அம்மாவிடம் யாராவது சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு. யார் பேசுவார், என்ன பெயர் சொல்வார், குறுஞ்செய்தியில் என்ன இருக்கும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

அப்புறம், மாதிரி எங்கே தங்கும், வெளிநாட்டுக்குப் போகுமா, மரபணு முழுதும் படிக்கப்படுமா, நான் விலகினால் உறைபெட்டியில் மீதமிருப்பதை அழிப்பீர்களா? மரபணு ஆய்வைக் கண்டு பயந்து மறுக்க வேண்டாம். மருந்தின்றிக் கட்டுப்படுத்தும் ஆயிரம் பேர் அளவில் மரபணுவைத் தந்ததால்தான், வைரஸின் துண்டைச் செல்லின் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும் எச்எல்ஏ புரதத்தின் சில இடங்கள்தான் வித்தியாசத்துக்குக் காரணம் என்பது 2010இல் தெரிந்தது. ஆனால் அது உங்கள் பிள்ளைகளையும் தொடும் தகவல் என்பதால் தனிக் கையெழுத்தாக இருக்கட்டும். பயணச் செலவும் இழந்த கூலியும் தருவது முறை. அதற்கு மேல் கை நிறையப் பணம் என்று ஆசை காட்டினால், பாரம் எங்கோ மறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

நம் ஊரில் இருந்து போகும் மாதிரிக்குத் தனி மதிப்பு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியாவிலும் தெற்கு ஆப்பிரிக்காவிலும் பரவியிருப்பது சி வகை எச்ஐவி. பழைய பெரிய ஆய்வுகளில் பலவும் மேற்கு நாட்டு ஆண்களிடம், பி வகையை வைத்து நடந்தவை. நம் எச்எல்ஏ வகைகளும் வேறு. இங்கே கொடுக்கும் ஒரு குழாய், பாஸ்டனில் கொடுக்கும் பத்தாவது குழாயைவிடப் புதிதாகச் சொல்லக்கூடியது.

குடும்பத்தில் யாருக்கும் தெரியாமல் மாத்திரை சாப்பிடுபவர் என்றால், வழக்கமான ஏஆர்டி தேதியிலேயே கூடுதலாக ஒரு குழாய் எடுக்கும் ஆய்வு மட்டும் போதும். தனிப் பயணம் எதுவும் வேண்டாம். துணைக்குத் தெரிந்திருந்து, உடலும் ஒத்துழைத்தால் வெள்ளணு இயந்திரம் வரை போகலாம். மருந்தே இல்லாமல் வைரல் லோடு தென்படாமல் இருப்பவர் என்றால் எல்லாக் குழுக்களும் உங்களைத் தேடி வரும். அங்கேதான் நிதானம் வேண்டும். இன்றைய மருத்துவ வழிகாட்டுதல், தொற்று உள்ள எல்லோருக்கும் சிகிச்சை என்பதே; கட்டுப்பாட்டில் இருப்பவருக்கும் உள்ளுக்குள் அழற்சி ஓடிக்கொண்டிருக்கும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. முதல் மாத்திரைக்கு முன் ஒருமுறை வெள்ளணு கொடுங்கள், அதற்கான தேதியை அந்த வாரத்துக்குள் கேளுங்கள். அவர்களால் முடியாவிட்டால் மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள்.